தொலைந்தது அட்டை மட்டும்தான்

2015 டிசம்பரில் வெள்ளம் வடிந்த பிறகு சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர், கடலூர் மாவட்டங்களில் தமிழ்நாடு அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, பட்டா, பள்ளிச் சான்றிதழ் என வெள்ளம் கொண்டுபோனவற்றுக்கு மாற்று ஆவணங்கள் கட்டணமின்றி வழங்கப்பட்டன. 2023-இல் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் இத்தகைய முகாம்கள் நடந்தன. பல துறையினர் ஓரிடத்தில் கூடி மனுக்களை வாங்கினார்கள். பேரிடர் வந்தால் இவ்வளவு எளிதாகிவிடும் ஒரு வேலை, சாதாரண நாளில் ஒருவர் பேருந்தில் பையைத் தவறவிட்டால் மட்டும் ஏன் அவரை அலுவலகம் அலுவலகமாக அலைய வைக்கிறது? தொலைந்த அட்டைக்கு மாற்று தருவதை அரசு தன் அன்றாடக் கடமையாக ஏற்க வேண்டும். இழந்தவரிடம் ஆதாரம் கேட்பதற்கு முன் தன் பதிவேட்டைத் தானே புரட்ட வேண்டும் என்பதே என் வாதம்.

ஓர் அட்டையின் மதிப்பு அதன் பின்னால் உள்ள பதிவில்தான் இருக்கிறது. இதை அரசுத் துறைகளே பல இடங்களில் ஒப்புக்கொண்டுவிட்டன. வாக்காளர் அட்டை கையில் இல்லாவிட்டாலும், பட்டியலில் பெயர் இருந்தால் தேர்தல் ஆணையம் அறிவித்துள்ள வேறு ஆவணங்களில் ஒன்றைக் காட்டி வாக்களிக்கலாம். தமிழ்நாட்டில் 2017 முதல் காகிதக் குடும்ப அட்டைக்குப் பதிலாக ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020-இல் ரேஷன் கடைகளில் விரல்ரேகைப் பதிவும் வந்தது. ஆதாரில் 12 இலக்க எண்ணும் அதனுடன் சேர்ந்த உடல் அடையாளப் பதிவுமே மூலம். கையில் இருப்பது அதன் அச்சு. ஆக, அட்டையை இழந்தவர் அரசிடம் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஏற்கெனவே விசாரித்து, சரிபார்த்து, அரசே எழுதி வைத்த ஒன்றின் இன்னொரு படியைத்தான் கேட்கிறார். அவரை முதல் முறை விண்ணப்பிக்கும் அந்நியர்போல நடத்துவதற்கு நியாயம் இல்லை.

மோசடிக்கு வழி திறந்துவிடும், அதனால்தான் காவல் நிலையத்தில் புகார் கொடுத்த ரசீதைக் கேட்கிறோம் என்பது முதல் மறுப்பு. அஞ்சத்தக்க விஷயம்தான், ஆனால் ரசீது அதைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கு முதல் சிம் கார்டு வரை எல்லாவற்றுக்கும் கேட்கப்படும் ஆதாருக்கு மறுபிரதி பெறக் காவல் நிலையம் போக வேண்டியதில்லை. இணையத்திலேயே அட்டைக்குப் பணம் கட்டலாம். ஆனால் ஓட்டுநர் உரிமத்துக்கும் வாக்காளர் அட்டைக்கும் புகாரின் நகல் வேண்டியிருக்கிறது. அதிகம் புழங்கும் அட்டைக்கே தேவைப்படாத காவல், குறைவாகப் புழங்கும் அட்டைகளுக்கு எதற்கு? மோசடி செய்ய நினைப்பவருக்கு அசல் அட்டையும் தேவையில்லை. விடுதிகளிலும் சிம் விற்கும் கடைகளிலும் நாம் கொடுத்துவிட்டு வந்த ஜெராக்ஸ் நகல்களே போதும். உண்மையான பாதுகாப்பு, அட்டையைப் பயன்படுத்தும் இடத்தில் முகத்தையும் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் இருக்கிறது. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும்: காவல் நிலையப் படியேறத் தயங்குபவர், அட்டை தொலைந்ததையே சொல்லாமல் நாளைக் கடத்துவார். அந்த இடைவெளிதான் மோசடிக்காரருக்கு வசதி. தெரிவிப்பது எளிதாக இருந்தால்தான் பழைய அட்டையை உடனே முடக்க முடியும். தொலைந்த ஆவணங்களை இணையத்திலேயே பதிவு செய்யும் வசதியைத் தமிழ்நாடு காவல்துறை வைத்திருக்கிறது. வரவேற்க வேண்டிய ஏற்பாடு. அந்தப் பதிவையும் மாற்று அட்டை தரும் அலுவலகமே மனுதாரருக்காகச் செய்து முடித்தால் அலைச்சல் ஒன்று குறையும்.

எல்லாம்தான் கைபேசியில் வந்துவிட்டதே என்பது இரண்டாவது மறுப்பு. 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கர் பலருக்குப் பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பர்ஸ் பறிபோகும்போது கைபேசியும் சேர்ந்தே போவது உண்டு. மாற்று சிம் வாங்க அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டையைப் பதிவிறக்க அந்த சிம்முக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும். ஆதாரில் பதிந்த எண் என்றோ கைமாறிவிட்ட முதியவருக்கும் இதே சுழல்தான். ஆதார் மையத்துக்குப் போனால் விரல்ரேகை, கருவிழி வழியாக மீட்கலாம். ஆனால் அங்கு போக ஒரு நாள் கூலியை விட வேண்டும். உழைத்து ரேகை தேய்ந்த விரலைக் கருவி எப்போதும் ஏற்பதில்லை. வசதி உள்ளவருக்குக் கைபேசி வழி குறுக்குவழியாக இருக்கட்டும். அதுவே ஒரே வழியாகிவிடக் கூடாது.

தொலைந்துபோகாமலே கையைவிட்டுப் போகும் அட்டைகளும் உண்டு. கணவன் வீட்டிலிருந்து வெளியேறும் பெண்ணின் அட்டைகள் அந்த வீட்டுப் பீரோவிலேயே தங்கிவிடுகின்றன. முன்பணம் கொடுத்து வேலைக்கு எடுக்கும் முதலாளி, தொழிலாளியின் அட்டைகளை வாங்கி வைத்துக்கொள்வதும் நடக்கிறது. ‘எங்கே தொலைத்தாய்?’ என்ற கேள்விக்கு இவர்களிடம் பதில் இல்லை. பொய் சொல்ல வேண்டும், அல்லது தங்களை அடக்கி வைத்தவரிடமே திரும்பிப்போய்க் கேட்க வேண்டும். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்கவே குடும்ப அட்டை வேண்டும் என்றிருக்கும் மாநிலத்தில், அட்டையை வைத்திருப்பவர் ஒரு பெண்ணின் கையைக் கட்டிப்போட முடியும். காரணம் கேட்காமல் மறுபிரதி தருவது இவர்களுக்கு விடுதலை.

எளிதாகக் கொடுத்தால் மக்கள் அட்டையைப் பொறுப்பாக வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும் சொல்வார்கள். இலவசமாகக் கிடைக்கும் என்பதற்காக யாரும் அட்டையைத் தொலைப்பதில்லை. தொலைத்த அன்றைய பதற்றமே போதிய தண்டனை. திரும்பத் திரும்பக் கேட்பவரிடம் சிறு கட்டணம் வாங்கலாம். பாஸ்போர்ட் மட்டும் விதிவிலக்கு. அந்நிய நாட்டு எல்லை அதிகாரி நம் பதிவேட்டைப் புரட்ட முடியாது என்பதால், அந்தப் புத்தகமே அங்கே சாட்சி. அதற்குக் காவல்துறை அறிக்கையும் கூடுதல் கட்டணமும் கேட்பதில் பொருள் உண்டு. உள்ளூர் அட்டைகளுக்கு அந்தக் கடுமையை நீட்ட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை மூன்று. முதல் மறுபிரதி இலவசம் என்று எல்லாத் துறைகளும் அறிவிக்க வேண்டும். எந்த இ-சேவை மையத்திலும் ஒரே மனுவில், தொலைந்த எல்லா அட்டைகளுக்கும் விண்ணப்பிக்க வழி வேண்டும். ஓர் அட்டைகூடக் கையில் இல்லாதவருக்கு, பதிவேட்டில் உள்ள புகைப்படத்தோடு முகத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பும், அன்றைக்கே தற்காலிகச் சான்று எழுதித் தரும் அதிகாரமும் அங்கிருக்கும் அலுவலருக்கு வேண்டும். இவற்றுக்குப் புதிய கருவியோ புதிய சட்டமோ பெரிதாகத் தேவையில்லை. வருபவரைச் சந்தேகத்தோடு பார்க்காமல் பதிவேட்டை நம்பிப் பார்க்கும் மனம் இருந்தால் போதும்.