பச்சைப் புள்ளி எரிந்தால் வேலை நடக்கிறதா?

‘மவுஸ் ஜிக்ளர்’ என்று ஒரு சின்னக் கருவி ஆன்லைனில் விற்பனையாகிறது. மவுஸைத் தானாக அசைத்துக்கொண்டே இருப்பது மட்டும்தான் அதன் வேலை. இதை எதற்குக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்?

மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் திறந்திருக்கும் கம்ப்யூட்டரை 5 நிமிடம் தொடாவிட்டால், பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். ‘ஆள் சீட்டில் இல்லை’ என்று அர்த்தம். அந்த மஞ்சளுக்குப் பயந்துதான் இந்தக் கருவி! 2024-ல், கீபோர்டில் வேலை நடப்பதுபோல் போக்குக் காட்டினார்கள் என்று அமெரிக்காவின் பெரிய வங்கி ஒன்று பத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையைவிட்டு அனுப்பியது.

ஏமாற்றுவது தப்புதான். ஆனால், வாடிக்கையாளருடன் அரை மணி நேரம் போனில் பேசுபவரின் புள்ளியும் மஞ்சளாகிறது. வேலையைத் தொடாமல், வரும் மெசேஜுக்கெல்லாம் கட்டைவிரல் காட்டுபவரின் புள்ளி பச்சையாகவே இருக்கிறது. புள்ளியை வைத்து மார்க் போட்டால் யார் ஜெயிப்பார்?

2022-ல் 11 நாடுகளில், 20,000 பேரிடம் மைக்ரோசாஃப்ட் நடத்திய ஆய்வில், ‘ஒழுங்காக வேலை செய்கிறோம்’ என்றவர்கள் 87 சதவிகிதம். ‘எங்கள் டீம் மீது முழு நம்பிக்கை இருக்கிறது’ என்ற தலைவர்களோ வெறும் 12 சதவிகிதம்தான்!

இத்தனைக்கும் இந்த சாட் கருவிகள் வேவு பார்க்கப் பிறந்தவை அல்ல. ‘க்ளிட்ச்’ என்ற ஆன்லைன் விளையாட்டை உருவாக்கிய குழு, வெவ்வேறு ஊர்களில் இருந்தபடி தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு கருவியைச் செய்துகொண்டது. 2012-ல் விளையாட்டு மூடப்பட்டது. அந்தக் கருவிதான் பிறகு ‘ஸ்லாக்’ ஆனது. சொன்னது அழியாமல் இருக்கும். வேண்டும்போது தேடி எடுக்கலாம். அதாவது, உடனே பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

எனவே, ‘ஆன்லைன்ல இருக்கீங்களா?’ என்று கேட்பதைவிட, ‘வியாழக்கிழமைக்குள்ள எது முடியும்?’ என்று மேலாளர் கேட்கலாம். அவசரம் என்றால் போன், மற்றதெல்லாம் சாட் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளலாம். வெறும் ‘ஹாய்’ போட்டுவிட்டுக் காத்திருக்காமல், முழு விஷயத்தையும் ஒரே மெசேஜில் எழுதலாம்.

ஊழியருக்கும் பொறுப்பு உண்டு. எது முடிந்தது, எது இழுக்கிறது என்று மாலையில் இரண்டு வரி போட்டுவிட்டால், மேலாளர் புள்ளியைப் பார்க்கவேண்டிய தேவையே வராது.

இரவு 10 மணி மெசேஜுக்குக் காலை 9 மணிக்குப் பதில் வந்தால், அவர் சோம்பேறி இல்லை. தூங்கியிருக்கிறார், அவ்வளவுதான்!