பிழைத்து வந்தவளின் கணக்கை யார் எழுதுவது?

அண்மையில் எமது உறுப்பினர் ஒருவரின் மருமகள் பிரசவ வலியால் துடித்தாள். இரவு பதினொரு மணி. தோட்ட லொறிச் சாரதியை எழுப்பவே ஒரு மணித்தியாலம் போனது. 1990 அம்புலன்ஸ் பெரிய ரோட்டில் நின்றது. லயத்திலிருந்து அதுவரை கம்பளியில் வைத்துத் தூக்கிச் சென்றார்கள். வைத்தியசாலையில் பிள்ளை பிறந்ததும் இரத்தம் நிற்கவில்லை. பல பைன்ட் இரத்தம் ஏற்றி, கர்ப்பப்பையை அகற்றித்தான் உயிரைக் காப்பாற்றினார்கள்.

வீடு திரும்பியதும் எல்லோரும் சாமிக்கு நேர்த்தி வைத்தோம். நல்லதுதான். ஆனால் அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றித் தோட்டத்தில் எவரும் கேட்கவில்லை.

அவள் இறந்திருந்தால் கேட்டிருப்பார்கள். கர்ப்ப காலத்திலோ, கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ அதனால் ஒரு தாய் இறந்தால் எமது நாட்டில் அது அறிவிக்கப்பட்டு விசாரிக்கப்படும். சுகாதார வைத்திய அதிகாரி வீட்டுக்கே வருவார். யாரையும் தண்டிக்க அல்ல, எங்கே தவறியது என்று அறிய. இலங்கையில் தாய் மரணம் குறைந்ததற்கு இந்த வழக்கமும் ஒரு காரணம்.

மரணத்தின் வாசல் வரை போய்த் திரும்பியவளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009 இலேயே அதற்கு வரையறை வகுத்தது. கர்ப்பப்பையை அகற்றுவது, ஐந்து பைன்டோ அதற்கு மேலோ இரத்தம் ஏற்றுவது, நிற்காத வலிப்பு எல்லாம் அதில் அடங்கும். வைத்தியசாலைக் கோப்பில் சிகிச்சை இருக்கும். கம்பளியும் லொறியும் அதில் இருக்குமா?

ஆகவே எமது கோரிக்கை இது: இத்தகைய ஒவ்வொரு தாய்க்கும், மரணத்துக்கு நடப்பதுபோல விசாரணை நடக்க வேண்டும். பாதை, வாகனம், கிளினிக் போன நாளில் பேர் வெட்டப்பட்டதா என்பதெல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். தோட்ட நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டும். பழியைக் குடும்ப நல மாதுவின் தலையில் கட்ட நாம் விடமாட்டோம்; பல டிவிசன்களை நடந்தே பார்ப்பவர் அவர்.

அதுவரை மாதர் அணித் தலைவிமார் ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். வலி எப்போது வந்தது, வாகனம் எப்போது கேட்கப்பட்டது, எப்போது வந்தது, வைத்தியசாலைக்கு எத்தனை மணிக்குப் போனது. நான்கு நேரங்கள் போதும். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அதை மேசையில் வைப்போம்.