வந்தாரா, வந்தாளா?



போன தவணை தரம் 10 பிள்ளைகளிடம் நோன்பு காலத்து வீடு ஒன்றைப் பற்றிச் சிறுகதை எழுதித் தரச் சொன்னோம். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கத்துப் பிள்ளைகள். வீட்டில் உம்மா, வாப்பா, நானா, தாத்தா என்று கதைக்கிறவர்கள். கொப்பிகளைத் திறந்தால் எல்லா வீட்டிலும் அம்மா, அப்பா, அண்ணன், அக்கா! ஒரு கதையில் பெரியவர் ஒருவர் மவுத்தாகிறார். பிள்ளை 'இறைவனடி சேர்ந்தார்' என்று எழுதியிருந்தது. ஏன் என்று கேட்டோம். "அதுதானே டீச்சர் நல்ல தமிழ்" என்றது.

பிள்ளையில் பிழையில்லை. 'பேச்சு வழக்கு' என்று சிவப்புப் பேனாவால் கோடிட்டுப் பழக்கியது ஆசிரியர்களாகிய நாங்கள்தான்.

இது பழைய சண்டை. 1960களில் டொமினிக் ஜீவா, கே. டானியல் போன்றவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்தபோது, 'இழிசனர் வழக்கு' என்று சொல்லி ஒதுக்கப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் சலூன் வைத்திருந்த ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குத்தான் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. பிறகு திக்குவல்லை கமால் தென்பகுதி முஸ்லிம்களின் பேச்சைக் கதைகளில் வைத்தார். 'தாத்தா சமைத்தா' என்று வாசிக்கிற வேறு ஊர்க்காரர், பாட்டனார் அடுப்படியில் நிற்பதாக நினைக்கலாம். நினைக்கட்டும், இரண்டு வரி தாண்டினால் விளங்கிவிடும்.

ஆகவே கதையில் வீட்டுச் சொல் வந்தால் புள்ளி வெட்டுவதில்லை என்று முடிவெடுத்தோம். கட்டுரை வேறு, அங்கே எழுத்துத் தமிழ்தான்.

இதுவரை எங்களுக்கு வசதியான பக்கம்.

அதே கொப்பிகளில் ஒரு கதை, நல்ல கதை. மஃரிபுக்குக் கொஞ்சம் முன். வாப்பா காலி வீதி நெரிசலில் மாட்டிக்கொண்டிருக்கிறார். உம்மா கஞ்சி கிண்டுகிறார். தாத்தா பேரீச்சம்பழம் எடுத்து வைக்கிறார். நடுவில் ஒரு வரி: வேலைக்காரி பீங்கானைப் போட்டு உடைத்தாள், உம்மா ஏசினார். அவ்வளவுதான். மலையகத்தில் இருந்து வந்து அந்த வீட்டில் நிற்கிற பிள்ளை அது.

ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு பேரும் ஒரே 'ஷி'தான். தமிழில் அப்படித் தப்ப முடியாது. கதை சொல்கிறவர் எந்தக் கதிரையில் இருந்து பார்க்கிறார் என்பதை 'ஆர்', 'ஆள்' என்ற விகுதியே காட்டிக் கொடுத்துவிடும். வயது குறைவு, அதனால் 'ஆள்' என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் கதையில் அந்தப் பிள்ளைக்கும் தாத்தாவுக்கும் ஒரே வயது. தாத்தா 'எடுத்து வைக்கிறார்'.

அதே பின்னேரத்தை அந்தப் பிள்ளை 'நான்' என்று சொல்வதாகத் திரும்ப எழுதச் சொன்னோம். முதல் வரியிலேயே சிக்கல். 'வேலைக்காரி' என்ற சொல்லை வைக்க இடமில்லை. தன்னைத் தானே மனதுக்குள் யார் அப்படிக் கூப்பிடுவார்? "டீச்சர், அவக்குப் பேர் வைக்கல்லயே" என்று எழுதியவர் வந்து நின்றார். பெயர் வந்தது. பிறகு பீங்கான் ஏன் உடைந்தது என்பதும் வந்தது. சஹருக்காக மூன்று மணிக்கு எழும்பியவள் அதற்குப் பிறகு படுக்கவேயில்லை. முதல் கதையிலும் அவள் அப்படித்தான் எழும்பியிருப்பாள், சொல்ல ஆள் இருக்கவில்லை. கஞ்சி அதே கஞ்சி, பீங்கானும் அதேதான். உம்மா மட்டும் 'நோனா' ஆகிவிட்டார்.

சினிமாவில் முஸ்லிம் பாத்திரம் 'நம்பள், நிம்பள்' என்று கதைத்தால் எங்களுக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம். ஆனால் எங்கள் அடுப்படியில் நிற்கிற ஆளுக்கு எங்கள் கதையில் பெயரே இல்லை என்பது முதல் வாசிப்பில் எங்கள் கண்ணில் படவில்லை. 'அம்மா', 'அப்பா'தான் பட்டது. அதற்குச் சிவப்புக் கோடும் போட்டாயிற்று.

அந்தக் கொப்பியைப் பெற்றோர் கையொப்பத்துக்கு அனுப்பவா, வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தோம். வீட்டில் என்ன நினைப்பார்களோ, பிள்ளைக்கு ஏச்சு விழுமோ என்று பயம். அனுப்பினோம். திங்கட்கிழமை கையொப்பத்தோடு திரும்பி வந்தது. வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.