ஒரு நாளைக்கு ஒரு வசனம் போதுமா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் சைக்கிளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1991-92-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு ஊக்கம் கொடுத்தார். பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியதால் வெளிநாட்டுக்காரர்களுக்கும் அந்தக் கதை தெரியும்.

அந்த இயக்கத்தில் எழுத்துக் கற்றுக்கொடுத்தவர்களுக்கு ஒரு கவலை இருந்தது. பெயர் எழுதத் தெரிந்துகொண்டவர் அதோடு நிறுத்திவிட்டால், கொஞ்ச நாளில் கற்ற எழுத்தும் மறந்துவிடும். சைக்கிள் மறக்காது, எழுத்து மறக்கும். அதனால் கற்பதைவிடக் கற்றதைத் தினமும் பயன்படுத்துவதுதான் பெரிய வேலை.

வேதாகமம் வாசிப்பதிலும் இதே பிரச்சினைதான்!

இன்று கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த ஒரு கல்லூரி மாணவனை எடுத்துக்கொள்வோம். வீட்டில் ஆளுக்கொரு வேதாகமம் இருக்கும், ஜிப் வைத்த கவர் போட்டு. மொபைலில் ஒன்று இருக்கும். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை பர்ஸில் இருக்கும். காலையில் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு ஒரு வசனம் வந்துவிடும். ஆனால் "எரேமியா யாருக்கு எழுதினார், எதற்காக எழுதினார்?" என்று கேட்டால் பதில் வராது. அவனுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்ல முடியாது. பழக்கம்தான் இல்லை.

துண்டு வசனத்தால் வரும் தொல்லை

எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்ளலாம். தேவன் தம் மக்களுக்கு வைத்திருப்பது தீமையான நினைவுகள் அல்ல, சமாதானமும் நம்பிக்கையும் தரும் நினைவுகள் என்பது அதன் கருத்து. பரீட்சை சமயத்தில் அதிகம் பகிரப்படும் வசனங்களில் இதுவும் ஒன்று. வாசிப்பவர் என்ன நினைப்பார்? "இந்த செமஸ்டர் நன்றாக முடியும், வேலை கிடைக்கும்."

ஆனால் அது ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. பாபிலோனுக்குச் சிறையாகப் போன மக்களுக்கு எழுதிய கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊரின் நன்மைக்காக ஜெபம் செய்யுங்கள் என்று எரேமியா எழுதுகிறார். 11-ம் வசனத்துக்கு முந்தின வசனத்தில் 70 வருஷக் கணக்கு வருகிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பிப் போவதைக் கண்ணால் பார்த்திருக்கவே முடியாது.

ஒரு அதிகாரம் முன்னால் போனால் இன்னும் சுவாரசியம். 28-ம் அதிகாரத்தில் அனனியா என்பவர் வருகிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொல்கிறார். கேட்க இனிமையாகத்தான் இருந்திருக்கும். அவரைத்தான் அந்தப் புத்தகம் பொய்த் தீர்க்கதரிசி என்கிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். 11-ம் வசனத்தை மட்டும் அட்டையில் வைத்துக்கொண்டு "சீக்கிரமே எல்லாம் சரியாகும்" என்று நம்புகிறவர், எரேமியாவின் பெயரைச் சொல்லி அனனியாவின் செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அரியர் விழுந்தால் "தேவன் வாக்கு மாறிவிட்டார்" என்று உடைந்து போகிறார். வாக்கு மாறவில்லை. அது எப்படிப்பட்ட வாக்கு என்று அவர் படிக்கவே இல்லை. அப்படிப் படித்திருந்தால் அந்த வசனம் அவருக்கு இன்னும் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். காத்திருப்பு நீண்டாலும் கைவிடப்படவில்லை என்பதுதானே அதன் சாரம்!

பிலிப்பியர் 4:13-ம் இப்படித்தான். எல்லாவற்றையும் செய்யப் பலம் உண்டு என்ற கருத்துள்ள அந்த வரி, விளையாட்டுப் போட்டி பேனர் வரைக்கும் வந்துவிட்டது. பவுல் அதைக் காவலில் இருந்தபடி எழுதினார். அதற்கு முந்தின இரண்டு வசனங்களில், பசியிலும் நிறைவிலும் மனரம்மியமாக இருக்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். ஜெயிப்பதைவிடத் தோற்றாலும் நிற்பதைப் பற்றியது அது.

இது வெறும் பாடப் பிரச்சினை இல்லை. ஒரு வசனத்தைத் துண்டாகப் பிடித்துக்கொண்டு மருந்தை நிறுத்துகிறவர் உண்டு. கண்ணை மூடிப் பக்கத்தைத் திறந்து, கல்யாணத்துக்கும் கடனுக்கும் முடிவெடுப்பவர் உண்டு. மேடையில் யார் உரக்கச் சொன்னாலும் "ஆமென்" சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் ஏராளம். தானே வாசித்துச் சரிபார்க்கத் தெரியாதவர் எப்போதும் அடுத்தவர் கையில்தான் இருப்பார்.

உழைத்தவர்கள் கதை

தமிழில் வேதாகமம் கையில் கிடைத்ததே சிலரின் தினசரிப் பழக்கத்தால்தான். சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்தபோது தமிழில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார் என்று சொல்வார்கள். தன் நாள் எப்படிப் போகிறது என்று அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். காலை 7 மணி முதல் 8 வரை, முன்பு கற்ற சொற்களைத் திரும்பப் பார்ப்பது. 8 முதல் 12 வரை, அதுவரை படிக்காத தமிழ் நூல்களைப் படிப்பது. பக்கத்தில் ஒரு வயதான புலவரும், சொன்னதை எழுத ஓர் எழுத்தரும் இருப்பார்கள். மாலையிலும் வாசிப்பு. இரவில் கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்பதால் வேறொருவர் வாசிக்க, இவர் கேட்பார்.

1708-ல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்க ஆரம்பித்து 1711-ல் முடித்தார். 1714-15-ல் அது தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சானது. இந்திய மொழிகளில் முதலில் அச்சான புதிய ஏற்பாடு அதுதான். 1719-ல் 36 வயதில் இறக்கும்போது பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்திருந்தார். அவருக்குப் பின் சூல்ட்சே, ஃபெப்ரீசியஸ் என்று ஆள் மாறி ஆள் உழைத்தார்கள். ஹென்றி பவர் தலைமையில் 1871-ல் வந்த திருத்தம்தான் சீர்திருத்த சபைகளில் இன்றும் பெரும்பாலோர் கையில் இருக்கும் பழைய திருப்புதல்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். அவர் கிறிஸ்தவரே அல்ல! யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். 1840-களில் பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணையாக இருந்தார். சைவ அனுஷ்டானத்தை விடாமல், அந்தப் புத்தகத்தை வரி வரியாகப் படித்தார். பிறகு 1854-ல் மிஷனரிகளுக்கு மறுப்பாகச் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதியபோது, பழைய ஏற்பாட்டின் ஆலய வழிபாட்டையும் பலி முறைகளையும் எடுத்துக்காட்டித்தான் வாதம் செய்தார். அவருடைய முடிவை ஒரு கிறிஸ்தவ மாணவர் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்வி வரத்தான் செய்கிறது. மறுப்பதற்காக ஒருவர் அவ்வளவு படித்தார். நம்புகிறேன் என்று சொல்கிறவர் லேவியராகமத்தை ஒருமுறையாவது முழுதாகப் படித்திருக்கிறாரா?

ஆழம் என்றால் என்ன?

'ஆழமான வேத ஆராய்ச்சி' என்றவுடன் எபிரெயு, கிரேக்கம், இறையியல் கல்லூரி என்று பயந்துவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். மத்தேயு 18-ல் வரும் கடன்காரன் உவமையே போதும்.

ஒரு வேலைக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன். ராஜா மன்னித்துவிடுகிறார். அவன் வெளியே வந்து, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஞாயிறு பள்ளியிலேயே எல்லோரும் கேட்ட கதைதான். ஆனால் தாலந்து என்றால் எவ்வளவு?

மத்தேயு 20-ல் திராட்சத்தோட்டக் கூலி வருகிறது. ஒரு நாள் வேலைக்கு ஒரு பணம். அப்படியானால் நூறு பணம் என்பது நூறு நாள் கூலி. 2005-ம் ஆண்டுச் சட்டத்தால் வந்த 'நூறு நாள் வேலை' என்ற பேச்சைக் கேட்காத கிராமம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்காது. நூறு நாள் கூலி சின்னத் தொகை இல்லை என்று எந்த அம்மாவும் சொல்லிவிடுவார். ஆகவே இரண்டாமவன் பட்ட கடனும் நிஜமான கடன்தான்.

இப்போது அடுத்த பக்கம். ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலி. பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் வருஷம் ஆகும்! "பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்ற பொருளில் அவன் கெஞ்சினானே, அது எவ்வளவு அபத்தமான வாக்குறுதி என்று இப்போதுதான் புரிகிறது. நமக்குத் தீங்கு செய்தவர் செய்தது ஒன்றுமே இல்லை என்று உவமை சொல்லவில்லை. நூறு நாள் கூலி நிஜம். அதை 6 கோடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார் என்கிறது.

இதற்குத் தேவைப்பட்டது இரண்டு அதிகாரமும் ஒரு பேனாவும் மட்டுமே. ஆழம் என்பது இதுதான்.

பழக வேண்டியவை

1. நேரமும் இடமும் ஒன்றாக இருக்கட்டும். "நேரம் கிடைத்தால்" என்பவருக்கு நேரம் கிடைத்ததே இல்லை. மொபைலை வேறு அறையில் வைத்துவிட்டு இருபது நிமிடம் போதும்.

2. புத்தகம் புத்தகமாக வாசிப்பது. ஜனவரி 1-ல் ஆதியாகமத்தில் தொடங்கி, பிப்ரவரியில் லேவியராகமத்தில் நின்று போகிறவர்களே அதிகம். கத்தோலிக்கருக்கு 73 புத்தகங்கள், சீர்திருத்த சபையாருக்கு 66. அந்த 66-ல் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்கத் தினம் மூன்றுக்கு மேல் வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு அது சுமை. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள்தான். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். தவறிய நாளுக்குச் சனி, ஞாயிறு இருக்கிறது. மாற்கு சுவிசேஷத்தைப் புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்குப் போய்த் திரும்பும் பஸ் நேரத்துக்குள் முழுதாக வாசித்துவிடலாம். ஒரே மூச்சில் வாசிக்கும்போது அது வேறு புத்தகமாகத் தெரியும்.

3. ஒரு நோட்டு. யார் யாரிடம் சொன்னது? முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? எது புரியவில்லை? இந்த மூன்று கேள்விக்குப் பதில் எழுதினால் போதும். மூன்றாவது கேள்விதான் முக்கியம். புரியாததைப் புரியவில்லை என்று எழுதி வைப்பவரே அடுத்த மாதம் அதற்குப் பதில் கண்டுபிடிப்பார்.

4. இரண்டு மொழிபெயர்ப்பு. பழைய திருப்புதலில் 'ஆயக்காரன்' என்று வரும். ஆயம் என்றால் வரி என்று இன்றைய மாணவருக்குத் தெரியாது. 1995-ல் வந்த திருவிவிலியத்தைத் திறந்தால் 'வரிதண்டுபவர்' என்று இருக்கும். ஒன்றில் 'விசுவாசம்', மற்றதில் 'நம்பிக்கை'. ஒன்றில் 'கிருபை', மற்றதில் 'அருள்'. "எங்கள் வேதம், உங்கள் வேதம்" என்ற சண்டை இதில் வேண்டாம். இரண்டு கண்ணால் பார்த்தால்தான் தூரம் தெரியும்.

5. ஒத்துவாக்கியம் பார்ப்பது. பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் குறிப்புகள் அலங்காரத்துக்கு இல்லை. மேலே தாலந்துக் கணக்கு கிடைத்தது இந்த மாதிரித் தேடலில்தான். விளக்கவுரையும் யூடியூப் பிரசங்கமும் அதற்குப் பிறகு. முதலிலேயே கேட்டுவிட்டால் சொந்தக் கண் திறக்காது.

6. கூட்டாக வாசிப்பது. ஹாஸ்டலில் மூன்று பேர் போதும். தனியாகப் படிப்பவர் தன் தப்பைத் தானே மெச்சிக்கொள்வார். பக்கத்தில் ஒருவர் "அது எந்த வசனத்தில் இருக்கிறது?" என்று கேட்டால்தான் சரியாகும்.

இரண்டு ஆட்சேபங்கள்

"இவ்வளவு ஆராய்ந்தால் பக்தி போய்விடும்" என்பார்கள். அப்போஸ்தலர் 17-ல் பெரோயா ஊர்க்காரர்கள் வருகிறார்கள். பவுல் சொன்னதையே அவர்கள் அப்படியே விழுங்கவில்லை. தினந்தோறும் வேதத்தைப் பார்த்துச் சரிபார்த்தார்கள். அதற்காக அந்தப் புத்தகம் அவர்களைத் திட்டவில்லை, பாராட்டுகிறது. 119-ம் சங்கீதத்தைப் பாருங்கள். எபிரெயு எழுத்துகள் 22. எழுத்துக்கு 8 வசனம், மொத்தம் 176. வேதத்தின் மேல் வைத்த அன்பை ஒருவர் இவ்வளவு கணக்காக உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அன்பும் உழைப்பும் எதிரிகள் இல்லை.

"எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி என்ன செய்வார்?" என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பாட்டியைக் கவனித்தால் அவர்தான் மாணவரைவிடக் கெட்டிக்காரர். பேரன் வாசிக்கக் கேட்டு, பத்துப் பதினைந்து சங்கீதங்களை முழுதாக மனதில் வைத்திருப்பார், துண்டாக அல்ல. நெகேமியா 8-ல் எஸ்றா காலையிலிருந்து மத்தியானம் வரை வாசித்தபோது ஜனங்கள் நின்று கேட்டார்கள். அர்த்தம் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். புதுக்கோட்டைச் சீமையில் ஆவூர் மாதிரிப் பழைய கிறிஸ்தவ ஊர்களிலும் உபதேசியார் வாசிக்க, சனங்கள் கேட்டுத்தான் வளர்ந்தார்கள். கருத்தாய்ப் படிப்பதற்குப் பட்டம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. படித்தவருக்குத்தான் சாக்குச் சொல்ல இடமில்லை.

ஒரு வசனம் அனுப்புவதில் தப்பில்லை. சோர்ந்து கிடப்பவருக்கு அது ஒரு வாய்த் தண்ணீர். ஆனால் வாழ்நாள் முழுக்க ஒரு வாய்த் தண்ணீரில் யாரும் இருக்க முடியாது. ஆதியாகமம் 26-ல் ஈசாக்கின் ஆட்கள் வெட்டிய கிணற்றுக்கு மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். விட்டுவிட்டு அடுத்ததை வெட்டினார்கள். அதற்கும் சண்டை. மூன்றாவது கிணற்றில்தான் நிம்மதி கிடைத்தது. கண்மாய் வற்றிப் பார்த்த புதுக்கோட்டைக்காரருக்கு அந்த அதிகாரத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்று இரவு மாற்கு முதல் அதிகாரம். 45 வசனங்கள், பத்து நிமிடம்கூட ஆகாது. நாளைக்கு இரண்டாவது. நடுவில் ஒரு நாள் தவறினால், அறிவொளிக் காலத்துப் பெண்கள் சைக்கிளிலிருந்து விழுந்தபோது செய்ததையே செய்யலாம். எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி ஏறலாம்.