வலி போய்விட்டால் ஓடலாமா?



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். வயது 42. மாரத்தானுக்குத் தயாராகிறானாம். "சார், குதிகாலுக்கு மேல நரம்பு இழுக்குது. மூணு வாரம் ஓடாம இருந்தா வலி போயிடுது. ஓட ஆரம்பிச்சா திரும்ப வந்துடுது. இதோட மூணாவது தடவை" என்றான். உங்களில் பலர் இப்போது காலையில் ஓடி, படமும் போடுகிறீர்கள். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அவன் சொன்னது நரம்பு அல்ல. கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு சேர்க்கும் அக்கிலிஸ் தசைநாண். ஓடும்போது உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு விசையை அது தாங்குகிறது. கால் ஊன்றும்போது நீண்டு, எழும்பும்போது சுருங்கி, ஸ்பிரிங் போல நம்மைத் தள்ளிவிடுகிறது. அது பழுதானால் வலி மட்டும் வருவதில்லை. அந்தத் தள்ளும் சக்தியும் குறைகிறது. ஓய்வெடுத்தால் வலி அடங்கும். ஆனால் சக்தி தானாகத் திரும்பாது. சும்மா இருந்த சதை இன்னும் பலவீனமாகத்தான் ஆகும்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே மைதானத்தில் பார்த்தேன். பார்த்தும் தவறு செய்தேன். பல வருடங்களுக்கு முன் 800 மீட்டர் ஓடும் பையன் ஒருவனுக்கு இதே வலி. "ரெண்டு வாரம் ரெஸ்ட் எடு" என்றேன். திரும்பி வந்ததும் "வலிக்குதா?" என்று கேட்டேன். "இல்ல சார்" என்றான். வார்ம்-அப்பில் நொண்டி அடித்தபோது அந்தக் கால் சரியாக எழும்பவில்லை. கவனித்தேன், ஆனாலும் போட்டிக்கு அனுப்பிவிட்டேன். இரண்டாவது சுற்றில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அதோடு ஓட்டத்தையே விட்டுவிட்டான். அவன் இதைப் படித்தால், என்னை மன்னிக்கட்டும்.

ஸ்வீடனில் கரின் சில்பர்நாகல் என்ற இயன்முறை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2007-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வலியும் தொந்தரவும் முழுதாகப் போனவர்களைக் குதிக்கவும், குதிகாலைத் தூக்கவும் வைத்துச் சோதித்தார்கள். எல்லாச் சோதனையிலும் 90 சதவீதத் திறனை எட்டியவர்கள் நால்வரில் ஒருவர்தான். வலி இல்லை என்பதும் கால் தேறிவிட்டது என்பதும் வேறு வேறு.

அதனால் நீங்களே பாருங்கள். சுவரில் விரலை லேசாக வைத்து, ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். எத்தனை முறை முடிகிறது, கடைசியில் எவ்வளவு உயரம் வருகிறது என்று இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். அது வலியில்லாமல் முடிந்தால், பாண்டி ஆடிய காலம்போல் அதே இடத்தில் 20 முறை நொண்டி அடியுங்கள். ஒரு கால் தாழ்வாக எழும்பினாலோ, தரையில் அதிக நேரம் தங்கினாலோ, நீங்கள் இன்னும் தயாரில்லை.

வழி இருக்கிறது. ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட பயிற்சி இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகிறது: படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது, 15 முறை, மூன்று சுற்று, தினம் இரு வேளை, 12 வாரம். வலி குதிகால் எலும்பிலேயே இருந்தால் படியில் இறங்காமல் சமதரையில் செய்யுங்கள்.

"மூணு மாசம் யார் சார் சும்மா இருக்கிறது?" என்று கேட்பீர்கள். சும்மா இருக்கச் சொல்லவில்லை. பயிற்சியின்போது பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம்; மறுநாள் காலைக்குள் தணிந்துவிட வேண்டும் என்பது சில்பர்நாகல் குழுவினர் கடைப்பிடித்த அளவு. அந்த அளவுக்குள் ஓட்டத்தையும் தொடரலாம். பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் 'டப்'பென்று உணர்ந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அது அறுந்திருக்கலாம்.

உங்களில் சிலர் இன்று உடற்கல்வி ஆசிரியர்கள். ஒரு வேண்டுகோள். "வலிக்குதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஓட ஆசைப்படும் பிள்ளை "இல்ல சார்" என்றுதான் சொல்லும். நொண்டி அடிக்கச் சொல்லி, காலைப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் பி.டி. சார்