டப்பாவுக்குள்ள தூங்குற டிராக்டர்

போன வாரம் தங்கச்சி மகன் சென்னையிலேர்ந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. சம்பளத்துல ஒரு பங்கு பொம்மைக் காருக்குப் போகுது. பொம்மைன்னு சொன்னா கோவம் வரும், 'ஸ்கேல் மாடல்'னு சொல்லணும்.

எங்கிட்டயும் இருபது சொச்சம் இருக்கு. எல்லாம் டிராக்டர், டிரெய்லர், அறுவடை மெஷின். பாதிக்கு மேல 1:32 அளவு. நிஜ வண்டியில 32 செ.மீ. இருக்கிறது இதுல 1 செ.மீ. என் அலமாரியைப் பாத்துட்டு அவன் கேட்டான்: "என்ன மாமா, டப்பாவெல்லாம் தூக்கிப் போட்டுட்டீங்களா? பிரிச்சா மதிப்பு போயிரும்."

இந்தப் பேச்சுதான் எனக்குப் பிடிக்காது. பிரிக்காத டப்பா விக்கிறவனுக்கு மதிப்பு. வச்சிருக்கிறவனுக்கு, எடுத்துத் தொடச்சு வைக்கிறதுலதான் மதிப்பு. நிஜ டிராக்டர் ஓட்டுறவன் சொல்றேன்: கழுவும்போதுதான் வண்டியில எங்க விரிசல், எங்க துருன்னு தெரியும். சின்ன வண்டிக்கும் அதே கதைதான்.

ஆனா தொடைக்கிறேன்னு நான் பண்ணின பாவத்தையும் சொல்லிடணும். எங்க வீட்ல ஒரு சிவப்பு டிராக்டர் இருந்துச்சு. ஒரு அவசரத்துல வித்தோம். அதே ஜாடையில ஒரு சின்ன வண்டியை சித்தப்பா மகன் சிங்கப்பூர்லேர்ந்து வாங்கிட்டு வந்தான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, தீக்குச்சியைக் கூராச் சீவி, வெள்ளை பெயின்ட்ல தொட்டு, வித்த வண்டியோட நம்பரை மட்கார்டுல எழுதினார். ஒரு மத்தியானம் பூரா ஆச்சு.

அப்பா போனதுக்கு அடுத்த தை மாசம். சம்பா அறுவடை நேரம், மெஷின் ஓடுற தூசி வீடு பூரா படிஞ்சிருந்துச்சு. பொங்கலுக்கு எல்லாத்தையும் பளபளன்னு ஆக்குவோம்னு தின்னரைத் துணியில தொட்டு ஒரே இழுப்பு. துணியில வெள்ளையா ஒரு கோடு. நம்பர் இல்ல.

அதுக்கப்புறம்தான் ஒழுங்காக் கத்துக்கிட்டேன். தூசியைத் துணியால அழுத்தித் தொடைக்கவே கூடாது. தூசியில மண்ணு இருக்கு, உப்புத்தாள் மாதிரி கீறிடும். முதல்ல கேமராக்காரங்க வச்சிருக்கிற ரப்பர் ஊதி, அப்புறம் மெத்துன்னு ஒரு மேக்கப் பிரஷ். வாயால ஊதாதீங்க, எச்சில் தெறிக்கும். அழுக்குப் பிசுபிசுன்னு இருந்தா, சோப்புத் தண்ணியில காது குடையுற பஞ்சை லேசா நனைச்சு ஒத்தி எடுங்க. வண்டியையே முக்காதீங்க, அச்சு துருப்பிடிக்கும், ஸ்டிக்கர் கெளம்பும். நிழல்ல காய வைங்க. தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு எடுக்கிற திரவம் எதுவும் கிட்ட வரக்கூடாது. அலமாரியில அந்துருண்டையும் வேண்டாம், சிலவகை பிளாஸ்டிக்கை அது இளக்கிடும். ஈரத்துக்கு, செருப்பு டப்பாவுல வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அது போதும். ஜன்னல் வெயில் விழுந்தா பெயின்ட் வெளுத்துரும்.

சிலதை எவ்வளவு பாத்தாலும் காப்பாத்த முடியாது. 1930-கள்ல இங்கிலாந்துல செஞ்ச டிங்கி கார்கள் பலது, துத்தநாகக் கலவையில ஈயம் கலந்துட்டதால உள்ளுக்குள்ளயே விரிசல் விட்டுப் பொடிஞ்சு போச்சு. புத்துநோய் மாதிரி. டப்பா பிரிக்காத வண்டிக்கும் அது வரும்.

இதைச் சொன்னதும் மருமகன் அவன் பையிலேர்ந்து ஒரு காரை எடுத்தான். எனக்குக் காட்டணும்னு கொண்டு வந்தது. ஆறு வருசமாப் பிரிக்கல. "பிரி மாப்ள, பாப்போம்"னேன். ரொம்ப யோசிச்சுத்தான் பிரிச்சான். டயர்லேர்ந்து எண்ணெய்ப் பசை கசிஞ்சு, அடியில இருக்கிற பிளாஸ்டிக்கோட ஒட்டிக் கெடந்துச்சு. தூக்கினா நாலு கறுப்புத் தழும்பு. டயருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல ஒரு துண்டு அலுமினியத் தாள் வச்சிருந்தா இது வந்திருக்காது. ஆனா திறந்து பாத்தாதானே தெரியும்?

பிரஷ்ஷை அவன் கையில குடுத்தேன். சிவப்பு டிராக்டரை எடுத்தவன், "இது ஏன் மாமா மட்கார்டு மட்டும் மங்கிக் கெடக்கு?"ன்னான். நம்பர் கதையைச் சொன்னேன். நிஜ வண்டியை எதுக்கு வித்தோம்னு கேட்டான். "உங்கம்மா கல்யாணத்துக்குத்தான்"னேன். அவனுக்கு அதுவரைக்கும் தெரியாது. ஒண்ணும் பேசல. மட்கார்டைத் தொடாம மத்த இடத்தையெல்லாம் பிரஷ்ஷால நீவி எடுத்தான்.

டப்பாவைப் பிரிச்சதால அவன் காருக்கு விலை குறைஞ்சிருக்கலாம். என் டிராக்டருக்கு விலையே கிடையாது, நம்பரும் போச்சு. ஆனாலும் வருசத்துக்கு நாலு தடவை கையில எடுக்கிறதாலதான் அந்தக் கதை அன்னிக்கு வெளிய வந்துச்சு.

உங்க வீட்டு அலமாரியிலயும் இப்படி ஏதாவது தூங்கிக்கிட்டிருக்கும். வர்ற ஞாயித்துக்கிழமை எடுங்க. பிரஷ்ஷை நீங்க புடிக்காதீங்க, பிள்ளைகிட்டக் குடுத்துட்டுப் பக்கத்துல உக்காருங்க.