‘வீணடித்துவிட்டார்’ என்று சொன்னால் போதுமா?

இத்தாலியின் கோமோ காற்பந்துக் குழு, டெலி அலியுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தை 2025 செப்டம்பர் முதல் தேதி முடித்துக்கொண்டது. அந்தக் குழுவுக்காக அவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். 2025 மார்ச் 15ஆம் தேதி ஏசி மிலானுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கியவர், ஏறத்தாழப் பத்து நிமிடங்களில் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். ஈராண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு அவர் ஆடிய முதல் ஆட்டம் அது.

ஒப்பந்தம் முடிந்த செய்தி வந்த அன்று, என் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கருத்துதான் வெவ்வேறு விதமாக வந்துகொண்டிருந்தது. “எவ்வளவு பெரிய திறமை! இப்படி வீணடிச்சுட்டாரே!” சமூக ஊடகங்களிலும் தீர்ப்பு அதுவே.

அந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். ஏனென்றால், நாம் அதைக் காற்பந்து ஆட்டக்காரர்களுக்கு மட்டும் பயன்படுத்துவதில்லை. தொடக்கக்கல்லூரியில் மதிப்பெண் சரிந்த நண்பருக்கும், பலதுறைத் தொழிற்கல்லூரியைப் பாதியில் விட்ட உறவுக்காரப் பையனுக்கும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். டெலியின் கதையை ஊன்றிப் பார்த்தால், அந்தச் சொல் எவ்வளவை மறைக்கிறது என்பது புரியும்.

உச்சத்தில் இருந்த காலம்

டெலி 1996ல் இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் பிறந்தவர். 16 வயதில் எம்கே டான்ஸ் குழுவின் முதல் அணியில் ஆடத் தொடங்கினார். 2014 ஆகஸ்டில் அக்குழு மான்செஸ்டர் யுனைடெட்டை 4-0 எனத் தோற்கடித்தபோது அவரும் களத்தில் இருந்தார். 2015 பிப்ரவரியில் டோட்டன்ஹம் அவரை ஏறத்தாழ 5 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தன. 2016, 2017 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் இங்கிலாந்தின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதை வென்றார். 2016-17 பருவத்தில் மட்டும் பிரிமியர் லீக்கில் 18 கோல்கள். அவர் முன்கள ஆட்டக்காரர்கூட அல்லர், நடுக்களத்தில் ஆடியவர். 2017 நவம்பரில் ரியால் மட்ரிட்டுக்கு எதிராக இரண்டு கோல்கள் போட்டார். 2018 உலகக் கிண்ணக் காலிறுதியில் சுவீடனுக்கு எதிராக ஒரு கோல்.

அந்த ஆண்டு நான் உயர்நிலை மூன்றில் படித்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் நியூகாசலுக்கு எதிராகக் கோல் போட்டபின், விரல்களை வளைத்துக் கண்ணைச் சுற்றி வைத்து அவர் ஒரு சைகை காட்டினார். அடுத்த இரண்டு வாரங்களுக்குப் பள்ளி உணவகத்தில் அதைச் செய்து பார்க்காதவர் எவருமில்லை. காற்பந்தே பார்க்காதவர்களுக்கும் அவரைத் தெரிந்திருந்தது.

2019ல் டோட்டன்ஹம் சாம்பியன்ஸ் லீக் இறுதிச் சுற்றில் ஆடியது. அதே ஆண்டுதான் டெலி இங்கிலாந்துக்காகக் கடைசியாக ஆடினார். அப்போது அவருக்கு வயது 23. 2022 ஜனவரியில் எவர்ட்டனுக்குச் சென்று 13 ஆட்டங்களில் மட்டுமே ஆடினார். பிறகு துருக்கியின் பெசிக்தாஸ் குழுவுக்கு இரவலாகச் சென்றார். அங்கும் நிலைக்கவில்லை.

இந்தப் பட்டியலை மட்டும் பார்த்தால் ‘வீணடித்துவிட்டார்’ என்றுதான் தோன்றும்.

சட்டையில் இருந்த தடயம்

2016ல் நடந்த ஒன்றைப் பலர் மறந்திருப்பார்கள். அதுவரை சட்டையின் பின்புறம் ‘அலி’ என்ற குடும்பப் பெயரை அணிந்தவர், அதை நீக்கிவிட்டு ‘டெலி’ என்று மட்டும் போட்டுக்கொண்டார். அந்தக் குடும்பப் பெயருடன் தமக்கு எந்தத் தொடர்பும் இருப்பதாக உணரவில்லை என்றும், நன்கு யோசித்தே முடிவெடுத்ததாகவும் அப்போது கூறினார். இருபது வயது இளையர் ஒருவர் உலகமே பார்க்கும் இடத்தில் தம் குடும்பப் பெயரை அழிக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது. அடுத்த சில ஆண்டுகள் அவர் கோல்கள் போட்டுக்கொண்டிருந்ததால் பெரும்பாலோர் அதற்குமேல் கேட்கவில்லை.

அந்தப் பின்னணி 2023 ஜூலையில்தான் வெளியே வந்தது. முன்னாள் ஆட்டக்காரர் கேரி நெவிலுக்கு அளித்த நேர்காணலில், ஆறு வயதில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக டெலி கூறினார். ஏழு வயதில் புகைபிடிக்கவும் எட்டு வயதில் போதைப்பொருள் விற்கவும் தொடங்கியதாகச் சொன்னார். 12 வயதில் ஒரு குடும்பம் தம்மை ஏற்று வளர்த்ததை மிகுந்த நன்றியுடன் நினைவுகூர்ந்தார். ஆனால், பழைய வலியை அவர்களிடம்கூட அவரால் முழுமையாகத் திறந்து சொல்ல முடியவில்லை. பின்னாளில் தூக்க மாத்திரைகளுக்கு அடிமையானார். துருக்கியிலிருந்து காயத்துடன் திரும்பியபின், அமெரிக்காவில் உள்ள மறுவாழ்வு நிலையம் ஒன்றில் ஆறு வாரங்கள் சிகிச்சை பெற்றார்.

இவற்றையெல்லாம் அப்போதே சொல்ல அவர் விரும்பினாரா என்றால், அதுவும் முழுமையாக இல்லை. அவர் சிகிச்சை பெற்றது பத்திரிகைகளுக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் சொல்வதற்குமுன் தாமே சொல்லவேண்டிய கட்டாயம் வந்ததாக அவர் கூறினார்.

கேமரா காட்டாத பாதி

டோட்டன்ஹம் பற்றி அமேசான் 2020ல் வெளியிட்ட ஆவணத்தொடரை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். அதில் நிர்வாகி ஜோசே மொரின்யோ, காலம் வேகமாக ஓடிவிடும், திறமைக்கு ஏற்ப உழைக்காவிட்டால் ஒருநாள் வருந்துவாய் என்று டெலியை எச்சரிப்பார். அவரைச் சோம்பேறி என்று சொல்லும் காட்சியும் அதில் உண்டு. டெலி சரியும்போதெல்லாம் அந்தக் காணொளித் துணுக்குகள் மீண்டும் வலம் வந்தன.

நேர்காணலில் டெலி சொன்ன இரண்டு விவரங்கள் துணுக்குகளில் இல்லை. ஒன்று, அப்படிச் சொன்ன ஒரு வாரத்தில் மொரின்யோ தம்மிடம் மன்னிப்புக் கேட்டார் என்பது. இரண்டு, அதே காலகட்டத்தில் 24 வயதான தாம் ஒருநாள் காலை கண்ணாடி முன் நின்று, காற்பந்திலிருந்து இப்போதே விலகிவிடலாமா என்று தம்மையே கேட்டுக்கொண்டார் என்பது.

நாம் பார்த்தது, பயிற்சியில் வேகம் குறைந்த ஓர் ஆட்டக்காரரை. அதற்கு நமக்குத் தெரிந்த ஒரே விளக்கம் ‘சோம்பேறித்தனம்’. வெளியே தெரியும் அறிகுறி ஒன்றாக இருந்தாலும், உள்ளே இருக்கும் காரணம் வேறாக இருக்கலாம். மருத்துவர் யாரும் காய்ச்சலைப் பார்த்தவுடன் நோயின் பெயரைச் சொல்லிவிடுவதில்லை. மனிதர்களைப் பற்றி மட்டும் நாம் அவ்வளவு விரைவாக முடிவுசெய்துவிடுகிறோம்.

காரணம் வேறு, சாக்கு வேறு

அப்படியானால் அவர் செய்த எதற்கும் அவர் பொறுப்பில்லையா? நான் அப்படிச் சொல்லவில்லை.

2020 பிப்ரவரியில், கொவிட்-19 பரவத் தொடங்கிய நேரத்தில், விமான நிலையத்தில் இருந்த ஆசியர் ஒருவரைக் கிருமியுடன் தொடர்புபடுத்திக் கேலி செய்யும் காணொளியை டெலி வெளியிட்டார். இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் அவருக்கு ஓர் ஆட்டத் தடையும் 50,000 பவுண்டு அபராதமும் விதித்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். சிங்கப்பூரில் இருந்து அதைப் பார்த்த நமக்கு அது சாதாரண வேடிக்கையாகத் தெரியவில்லை. அவருடைய சிறுவயதுத் துன்பம் அந்தச் செயலை நியாயப்படுத்தாது. துன்பப்பட்டவர்களும் தவறு செய்வார்கள். தவறுக்குத் தண்டனை உண்டு. அது சரியே.

காயங்களையும் மறந்துவிடக் கூடாது. தசைப்பிடிப்பு, இடுப்புப் பகுதிக் காயங்கள், அறுவை சிகிச்சை என அவர் இழந்த மாதங்கள் பல. மனநலம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரே வரியில் முடிப்பதும், சோம்பேறித்தனம்தான் காரணம் என்று முடிப்பதைப் போல அவசர முடிவுதான்.

இன்னும் இருவர்

பிரேசிலின் அட்ரியானோவை எடுத்துக்கொள்வோம். 2004 கோப்பா அமெரிக்கா இறுதியாட்டத்தில், அர்ஜெண்டினாவுக்கு எதிராகக் கூடுதல் நிமிடத்தில் கோல் போட்டு ஆட்டத்தைச் சமன்செய்தார். பெனால்டி வாய்ப்புகளில் பிரேசில் வென்றது. ஏழு கோல்களுடன் போட்டியின் முன்னணி ஆட்டக்காரரும் அவரே. சில நாள்களில் அவருடைய தந்தை இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 22. அதன்பின் காற்பந்து மீது தமக்கிருந்த அன்பு பழையபடி திரும்பவே இல்லை என்று அவர் எழுதியிருக்கிறார். மதுவில் மூழ்கினார். இண்டர் மிலானில் உடன் ஆடிய ஹவியேர் ஸனேட்டி, தங்களால் அவரை அந்தச் சோகத்திலிருந்து மீட்க முடியவில்லை என்று பின்னர் வருத்தத்துடன் கூறினார்.

மறுபக்கம், ஆர்சனலின் அணித்தலைவர் டோனி ஆடம்ஸ். குடிபோதையில் கார் ஓட்டியதற்காக 1990ல் சிறைக்குப் போனவர். சிறையிலிருந்து வந்தபிறகும் குடி நிற்கவில்லை. 1996 செப்டம்பரில், 29 வயதில், தாம் மதுவுக்கு அடிமை என்பதைத் தாமாகவே வெளிப்படையாக ஒப்புக்கொண்டு உதவி நாடினார். அதன்பின் 1998லும் 2002லும் லீக், எஃப்ஏ கிண்ணம் இரண்டையும் ஒரே பருவத்தில் வென்ற அணிக்குத் தலைமை தாங்கினார். 2000ல் விளையாட்டாளர்களுக்காக ‘ஸ்போர்ட்டிங் சான்ஸ்’ என்ற சிகிச்சை அமைப்பையும் தொடங்கினார்.

ஆடம்ஸின் கதை இனிமையானது. ஆனால் அதிலிருந்து ‘உதவி கேட்டால் கிண்ணம் கிடைக்கும்’ என்ற பாடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிறேன். டெலியும் உதவி கேட்டார், சிகிச்சை பெற்றார், வெளிப்படையாகப் பேசினார். அவருக்குப் பழைய ஆட்டம் திரும்பவில்லை. அதனால் உதவி வீணாகிவிட்டதா? மாத்திரை இல்லாமல் தூங்கவும் மனத்தில் உள்ளதைச் சொல்லவும் ஒருவரால் முடிகிறது என்றால், அவர் கோல் போடாவிட்டாலும் அது வெற்றிதான். ஆட்டத்தை மீட்பது வேறு, ஆளை மீட்பது வேறு. ‘வீணடித்தார்’ என்ற சொல் முதலாவதை மட்டுமே கணக்கில் எடுக்கிறது.

நம் வகுப்பறைக்கு வருவோம்

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நான் வாரம் இருமுறை உயர்நிலை மாணவர்களுக்குத் துணைப்பாடம் சொல்லித் தருகிறேன். கெட்டிக்கார மாணவர் ஒருவர் தொடர்ந்து மூன்று வாரம் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தார். வகுப்பு முடிந்தபின் தனியாக, “எல்லாம் சரியாக இருக்கிறதா தம்பி?” என்று கேட்டேன். பாட்டி மருத்துவமனையில் இருப்பதும், இரவுகளில் இரண்டு தம்பி தங்கைகளை அவரே கவனித்துக்கொள்வதும் அப்போதுதான் தெரிந்தது. பள்ளியில் யாரிடமாவது சொன்னீர்களா என்றேன். “யாரும் கேட்கலையே அண்ணா” என்றார்.

நன்றாகப் படிக்கும்வரை ஒருவருக்கு எந்தக் குறையும் இருக்காது என்று நினைக்கும் பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. டெலி கோல் போட்டுக்கொண்டிருந்தபோது எவரும் அவரிடம் கேட்காமல் இருந்ததும் இதே காரணத்தால்தான். மதிப்பெண் சரிந்தபிறகு கேட்பதோ விசாரணை போல ஆகிவிடுகிறது. அதனால் சரிவதற்கு முன்பும் கேட்கலாம், சரிந்தபிறகு குரலைத் தாழ்த்திக் கேட்கலாம்.

மாணவர்களாகிய நாம் செய்யக்கூடியவை மூன்று. நண்பர் ஒருவரிடம் திடீர் மாற்றம் தெரிந்தால், ‘சோம்பேறி’ என்று பெயர் வைக்குமுன் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் நம்பிச் சொன்னதை வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள். டெலிக்குத் தம் கதையைச் சொல்லும் நேரத்தைத் தெரிவுசெய்யும் உரிமை கிடைக்கவில்லை, உங்கள் நண்பருக்கு அது கிடைக்கட்டும். ஆனால் அவருடைய உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து என்று தோன்றினால் இரகசியம் காக்கவேண்டாம். நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ உடனே சொல்லுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது.

பாரம் உங்களுடையதாக இருந்தாலும் வழி உண்டு. அமெரிக்காவுக்குச் சென்று சிகிச்சை பெறும் வசதி டெலிக்கு இருந்தது, நம்மில் பலருக்கு இல்லை. ஆனால், நம் பள்ளிகளில் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பை 1767 என்ற எண்ணிலும், தேசிய மனநல உதவித் தொலைபேசிச் சேவையை 1771 என்ற எண்ணிலும் எந்த நேரத்திலும் அழைக்கலாம். பேச, எல்லாம் முற்றிப்போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

டெலி அலி இனி ஆடுவாரா என்ற விவாதம் இணையத்தில் தொடரும். என் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் அது ஓயவில்லை. நான் அங்கு எழுதியது ஒன்றே ஒன்றுதான்: ஆறு வயதில் அப்படி ஒரு கொடுமையைச் சந்தித்த சிறுவன், இருபத்தொரு வயதில் ரியால் மட்ரிட்டுக்கு எதிராக ஆடும் உயரத்துக்கு வளர்ந்ததையும் சேர்த்து எண்ணிவிட்டு, பிறகு சொல்லுங்கள், வீணடித்தாரா என்று.